வலப்பக்கத்து விசில்

— விடுங்க. மறுபடியும் இழுங்க. மூக்கால வேண்டாம் ஐயா, வாயைத் திறந்தே இழுங்க. ம். இடது பக்கம் காத்து நல்லாப் போயிட்டு வருது. வலது பக்கம், அடியில மட்டும் விசில் அடிக்குது.

— எனக்கு ஒண்ணும் கேக்கலையே டாக்டரம்மா.

— குழாய் என் காதுல இருக்கு, உங்களுக்கு எப்படிக் கேக்கும். சட்டையைப் போட்டுக்கோங்க. எத்தனை வருஷமா இந்த இருமல்?

— பத்து வருஷம் இருக்கும். கூடவும் இருக்கும். சலூனை விட்ட வருஷம் ஆரம்பிச்சது.

— சலூன் வெச்சிருந்தீங்களா.

— ரெண்டு நாற்காலி, எதிரெதிரா கண்ணாடி, ஒரு ரேடியோ. நல்லாத்தான் ஓடிச்சு. அது கிடக்கட்டும். இப்போ விக் செய்யற கம்பெனியில இருக்கேன். அங்கேயும் முடி வெட்டற வேலைதான்.

— விக்குக்கு எதுக்கு வெட்டணும்?

— தைச்சு வரும்போது சாமியார் சடை மாதிரிதான் வரும். அதைத் தெர்மாகோல் தலையில மாட்டி, நாலு பின்னைக் குத்தி, முன்னாடி இறக்கி, பின்னாடி அடுக்கி, ஆள் வைக்கற மாதிரி ஆக்கணும். என் மேஜையில வரிசையா தலைங்க நிக்கும். ஆடாது, அசையாது. காதுல கத்திரி பட்டுடுமோங்கற பயம் இல்லை. காதே கிடையாது.

— பேச்சும் கிடையாது. சலூன்ல இருந்தவருக்கு அது கஷ்டமா இல்லையா?

— பேச்சு இல்லைன்னுதான் டாக்டரம்மா அங்கே போனேன்.

— ம். இருமலுக்கு இதுவரைக்கும் யார் யார்கிட்ட காட்டினீங்க?

— யார்கிட்ட காட்டலைன்னு கேளுங்க. முதல்ல ஒருத்தர், முடித்தூசி நெஞ்சுல படிஞ்சிருக்கு, வாயில துணி கட்டிக்கோன்னார். கட்டினேன். துணிக்குள்ளேயே இருமினேன். அடுத்தவர் ஆஸ்துமான்னு உறிஞ்சற மருந்து குடுத்தார். இன்னொருத்தர், சளியில கிருமி இல்லை, ஆனாலும் எதுக்கும் இருக்கட்டும்னு டிபிக்கு ஆறு மாசம் மாத்திரை போட வெச்சார். ஒண்ணுக்கு செவப்பாப் போச்சு, இருமல் போகலை. நடுநடுவுல காய்ச்சல் வரும். நிமோனியான்னு படுக்க வெச்சு ஊசி போடுவாங்க. எழுந்து வருவேன். மறுபடி படுப்பேன்.

— ஒவ்வொரு தடவையும் நிமோனியா எந்தப் பக்கம்னு சொன்னாங்களா?

— படத்தைக் காட்டுவாங்க. இந்தப் பக்கம்தான். வலது.

— எப்பவுமே வலதா?

— எப்பவுமே.

— தூசி உள்ளே போனா பக்கம் பார்த்துப் போகாது ஐயா. ரெண்டு பக்கமும்தான் படியும். ஆஸ்துமாவும் அப்படித்தான். ஒரு விஷயம் கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. எப்பவாவது புரையேறி மூச்சு முட்டிப் போயிருக்கீங்களா?

— இல்லை.

— சாப்பிடும்போது? பல் குத்திக்கிட்டிருக்கும்போது? விக்குல குத்தற பின்னை வாயில கடிச்சுக்கற பழக்கம் உண்டா?

— பின்னுக்குக் காந்த டப்பா இருக்கு. வாயில வெச்சா சூப்பர்வைசர் திட்டுவார். புரையேறினதே இல்லை டாக்டரம்மா.

— சில பேருக்கு நினைவே இருக்காது. பக்கத்துல இருக்கறவங்க சொல்வாங்க, அன்னிக்கு நீ சாப்பிடும்போது அப்படித் திணறினியேன்னு. வீட்டுல கேட்டுப் பாருங்களேன்.

— வீட்டுல நான்தான் இருக்கேன். என்னைத்தான் கேக்கணும். கேட்டாச்சு, இல்லைங்கறேன்.

— சரி. இந்த ஸ்கேனைப் பாருங்க. கருப்பா கிளை கிளையாப் பிரிஞ்சு போகுதே, இதெல்லாம் காத்துப் போற குழாய். இது வலது பக்கம். கீழே இறங்கற கிளையில இந்த இடத்துல நின்னு போயிடுது பாருங்க. அடைப்பு. சுத்தி சதை வளர்ந்திருக்கு. அதனால அதுக்குக் கீழே இருக்கற நுரையீரல்ல சளி தேங்கித் தேங்கிச் சீழ் பிடிக்குது.

— புத்துநோயா?

— இருக்கலாம். நான் இல்லைன்னு சொல்லிட மாட்டேன். ஆனா ஏதாவது சாமான் உள்ளே போய் மாட்டிக்கிட்டு, அதைச் சுத்தி சதை மூடினாலும் இதே மாதிரிதான் தெரியும். உலோகம்னா படத்துல பளிச்சுன்னு தெரிஞ்சிடும். கொட்டை, பிளாஸ்டிக் மாதிரி சமாச்சாரம் ஒளிஞ்சுக்கும். டியூப் விட்டு, கண்ணால பார்த்தாத்தான் தெரியும்.

— பார்த்து என்ன செய்யப் போறீங்க. புத்துநோயா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். எனக்கு ஒண்ணும் பாக்கி இல்லை. மீன் தொட்டி ஒண்ணு வெச்சிருந்தேன், அதையும் போன மாசம் எதிர்வீட்டுல குடுத்துட்டேன்.

— எதுக்குக் குடுத்தீங்க?

— நான் திடீர்னு போயிட்டா அதுங்களுக்கு யார் சாப்பாடு போடுவாங்க.

— புதன்கிழமை காலையில வெறும் வயித்தோட வாங்க. கூட யார் வருவாங்க?

— கூட ஆள் வரணுமா?

— லேசா மயக்க மருந்து குடுப்போம். அதுக்கப்புறம் தனியா அனுப்ப மாட்டோம்.

— அப்ப விட்டுடுங்க டாக்டரம்மா.

— கூட வேலை பார்க்கறவங்க?

— எட்டுத் தலை இருக்கு. கழுத்து வரைக்கும்தான் இருக்கும். பரவாயில்லையா?

— வேடிக்கையா பேசறீங்க. சொந்தக்காரங்க?

— பொண்டாட்டி போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாச்சு. பிள்ளைகள் இல்லை. தம்பி ஒருத்தன் இருக்கான். சலூனைப் பூட்டிட்டுக் கிளம்பினப்போ நான் அவன்கிட்ட எங்கே போறேன்னு சொல்லலை. தேடியிருப்பான். அது கிடக்கட்டும்.

— அப்ப நீங்க தனியா வாங்க. ஒரு நாள் வார்டுல படுங்க. கூட இருக்க வேண்டியதை எங்க சிஸ்டர் பார்த்துப்பாங்க. வருவீங்களா?

— வரேன்.

— மீன் தொட்டியைக் குடுத்தவர் சொல்ற மாதிரி சொல்லாதீங்க.

— வரேன் டாக்டரம்மா. நிஜமாத்தான்.

*

— அண்ணே, நாக்கை நல்லா நீட்டுங்க. இந்த ஸ்ப்ரே கசக்கும், துப்பிடாதீங்க. தொண்டை மரத்துப் போகணும். இப்போ எச்சிலை முழுங்கிப் பாருங்களேன்.

— முழுங்கினேனா இல்லையான்னே தெரியலை தங்கச்சி. நாக்கு வேற யாருதோ மாதிரி இருக்கு.

— அதான் வேணும். டாக்டர் கை கழுவிக்கிட்டிருக்காங்க, வந்துடுவாங்க. டியூப் உள்ளே போனப்புறம் பேச்சு கிடையாது. என்னமோ பண்ணுதுன்னா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடுவாங்க. வலது கையை நான் பிடிச்சுக்கறேன்.

— வேண்டாம் தங்கச்சி. பழக்கமில்லை.

— எனக்குப் பழக்கம் அண்ணே. தினம் நாலு கை பிடிக்கறேன். உங்க கை மட்டும் என்ன, வெந்நீர்ல போட்ட மாதிரி வெளுத்துக் கிடக்கு.

— விக்கை அலசற தண்ணி. மருந்து கலந்திருப்பாங்க.

— நீங்க சலூன் வெச்சிருந்தீங்களாமே, டாக்டர் சொன்னாங்க. என் முடியைப் பாருங்களேன், நுனியெல்லாம் ரெண்டு ரெண்டாப் பிளந்து நிக்குது. என்ன பண்ணலாம்?

— தொப்பியைப் போட்டு மூடிக்கிட்டுப் பாருன்னா எப்படிப் பார்க்கறது. பின்னாடி தெரியறதை வெச்சுச் சொல்றேன். ரெண்டு விரல் அளவு எடுத்தா சரியாயிடும். ஈரத்தோட சீவாதீங்க.

— நல்லாகி எழுந்ததும் ஒரு நாள் நீங்களே எடுத்து விடுங்களேன்.

— நான் இப்போ ஆளுக்கு வெட்டறதில்லை தங்கச்சி.

— ஏனாம்? கை நடுங்குதா?

— கை நல்லாத்தான் இருக்கு.

— மேடம் வந்தாச்சு. மருந்து ஏத்தறேன் அண்ணே. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், முழுசா வராது. டாக்டர் சொல்றது காதுல விழும். சொன்னபடி செய்யுங்க.

— என்ன ஐயா, வந்துட்டீங்களே. சந்தோஷம். வாயில இந்த வளையத்தைக் கடிச்சுக்கோங்க. சிஸ்டர், ஆக்ஸிஜன்?

— தொண்ணூத்தேழு மேடம்.

— சரி. உள்ளே போறேன். இருமல் வரும் ஐயா, வரட்டும், பயப்படாதீங்க. குரல் வர்ற இடம் தாண்டியாச்சு. மூச்சுக்குழாய். ரெண்டாப் பிரியற இடம். இடது பக்கம் சுத்தமா இருக்கு. வலது பக்கம் வரேன். மேல் கிளை சரி. கீழே சளி கெட்டியா இருக்கு. உறிஞ்சுங்க. இன்னும். இதோ, சதை. தொட்டாலே ரத்தம் கசியுது. குளிர்ந்த சலைன் குடுங்க.

— இந்தாங்க மேடம். மேடம், பார்க்க நல்லா இல்லையே.

— பேசாம இருங்க சிஸ்டர். அவருக்குக் காது கேக்கும். இடுக்கியைக் குடுங்க, துளி சதை எடுத்துப் பார்த்துடலாம். ... நில்லுங்க. இது சதை இல்லை.

— எலும்பா மேடம்?

— எலும்பு சொரசொரன்னு இருக்கும். இது வழவழன்னு இருக்கு. விளிம்பு பாருங்க, அச்சுல வார்த்த மாதிரி. இது யாரோ செஞ்ச சாமான். ஐயா, கேக்குதா? உள்ளே ஏதோ மாட்டிக்கிட்டிருக்கு. சதையைச் சோதனைக்கு அனுப்பிடறேன், ஆனா எனக்கு இது புத்துநோயாத் தெரியலை.

— மேடம், கையைத் தூக்கறார்.

— நிறுத்திட்டேன். வலிக்குதா ஐயா?

— இல்லை மேடம். கண்ணைத் துடைச்சுக்கறார்.

— துடைச்சுக்கட்டும். ... பிடிக்கறேன். வழுக்குது. மறுபடி. வழுக்கிடுச்சு. இந்த இடுக்கி சரிப்படாது. கம்பிக் கூடையைக் குடுங்க. அதைத் தாண்டிக் கூடையை விட்டு விரிச்சு, வலையில மீன் பிடிக்கற மாதிரிதான் எடுக்கணும்.

— தொண்ணூறு மேடம். இறங்குது.

— தெரியுது. ஆக்ஸிஜனைக் கூட்டுங்க. இன்னும் கொஞ்சம். கூடைக்குள்ள வந்துடுச்சு. மூடுங்க, மெதுவா. விடாதீங்க. ஐயா, இதுதான் முக்கியமான இடம். நடுவழியில நழுவிச்சுன்னா ரெண்டு பக்கத்துக் காத்தையும் அடைச்சுக்கும். நான் சொல்ற வரைக்கும் இருமாதீங்க. அடக்கிக்கோங்க.

— எண்பத்தாறு மேடம்.

— வரேன், வரேன். குரல்நாண் கிட்ட வந்துட்டேன். இடிக்குது. திருப்பறேன். ஐயா, இப்போ இருமுங்க. பலமா.

— வந்துடுச்சு மேடம். தட்டுல விழுந்துடுச்சு.

— அது எங்கேயும் ஓடிடாது. ஆளைப் பாருங்க.

— தொண்ணூத்தொண்ணு. தொண்ணூத்தஞ்சு. அண்ணே, முடிஞ்சது அண்ணே. மெதுவா மூச்சு விடுங்க. கையை இப்போ நீங்கதான் பிடிச்சிருக்கீங்க, எனக்கு விரல் நோகுது.

— நான் மறுபடி உள்ளே போய் ரத்தம் நின்னுச்சான்னு பார்த்துடறேன். சிஸ்டர், அதைக் கழுவி ஒரு டப்பாவுல போட்டு வைங்க.

— கழுவறேன் மேடம். கரி மாதிரி இருக்கு. பாருங்களேன் மேடம், செருப்பு. குட்டிச் செருப்பு. பொம்மைக்குப் போடறது.

*

— இழுங்க ஐயா. விடுங்க. இன்னொரு தடவை. ம், காத்து உள்ளே இறங்குது. அடியில கொஞ்சம் கரகரப்பு இருக்கு, அது போகப் போகச் சரியாயிடும். விசில் போயிடுச்சு. எப்படி இருக்கு?

— எழுந்ததும் வழக்கம்போல இருமலுக்காக உக்காந்தேன் டாக்டரம்மா. வரலை. வரும்னு பார்த்துக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

— இனிமே காத்திருக்க வேண்டாம். சதை ரிப்போர்ட் வர நாலஞ்சு நாள் ஆகும். அதுல ஒண்ணும் இருக்காதுன்னுதான் நினைக்கறேன். மருந்து எழுதியிருக்கேன், விடாம சாப்பிடுங்க.

— அண்ணே, வீட்டுல குழந்தையே இல்லைன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களாமே. அப்புறம் எங்கேயிருந்து பொம்மைச் செருப்பைப் பிடிச்சு முழுங்கினீங்க?

— என்ன செருப்பு தங்கச்சி?

— நேத்து மயக்கத்துல காதுல விழலையா? இந்த டப்பாவுல இருக்கு. பாருங்களேன்.

— என்ன ஐயா, ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு? மூச்சு விடறதுல கஷ்டமா இருக்கா?

— இல்லை. இது நீலம்.

— கருப்பாத்தான் அண்ணே இருக்கு.

— வார்ப்பக்கம் சுரண்டிப் பாருங்க தங்கச்சி. நீலம். அடியில ஒரு பூ அச்சு இருக்கும்.

— மேடம், இருக்கு. பூ இருக்கு.

— உங்களுக்கு எப்படித் தெரியும் ஐயா?

— இதோட ஜோடியைப் பார்த்திருக்கேன்.

— எங்கே?

— டப்பாவை மூடிடுங்க தங்கச்சி.

— சொல்ல இஷ்டமில்லைன்னா விடுங்க. நான் கிளம்பறேன்.

— இருங்க டாக்டரம்மா. உக்காருங்க. நான் யார்கிட்டயும் சொன்னதில்லை, எங்கே ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. ஒரு பொண்ணு, அம்மாவோட வந்துச்சு, சலூனுக்கு. மூணு வயசு இருக்கும். முடி கண்ணுல விழுது, முன்னாடி மட்டும் எடுத்து விடுங்கன்னாங்க. நாற்காலிக் கைமேல குறுக்கே பலகை போட்டு உக்கார வெச்சேன். கையில பொம்மை. துணியைப் போர்த்தினதும் பொம்மையும் உள்ளே போயிடுச்சு. இதுக்கும் வெட்டணும் மாமான்னுது. ஆடாம இருந்தா அதுக்கும் வெட்டி விடறேன்னேன். ஆடவே இல்லை. அவ்வளவு சமத்து.

— அம்மா எங்கே இருந்தாங்க?

— பின்னாடி பெஞ்சுல, புஸ்தகம் புரட்டிக்கிட்டு. குழந்தை கன்னம் உப்புறதும் அடங்கறதுமா இருந்துச்சு. ஏதோ பாட்டு முணுமுணுக்குதுன்னு நினைச்சேன். ரேடியோ பாடிக்கிட்டிருந்ததுல எனக்குக் கேக்கலைன்னு நினைச்சேன். அப்புறம் கண்ணாடியில பார்த்தேன், முகம் மாறுது. சத்தமே இல்லை டாக்டரம்மா. அழுதா தெரிஞ்சிருக்கும். கண்ணு மட்டும் என்னையே பார்க்குது, கண்ணாடிக்குள்ள இருந்து.

— மூச்சு முழுசா அடைச்சுக்கிட்டா சத்தம் வராது. நீங்க என்ன செஞ்சீங்க?

— தூக்கித் தலைகீழாப் பிடிச்சு முதுகுல தட்டினேன். வரலை. விரலை விட்டேன், எட்டலை. உதடு கறுத்துப் போச்சு. வேற ஒண்ணும் தோணலை. வாயோட வாயை வெச்சு, என் நெஞ்சுல எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவும் உறிஞ்சினேன். அப்போதான் அவங்க அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. அவங்க கண்ணுக்கு அது எப்படித் தெரிஞ்சுதோ. என் பிள்ளையை என்னடா பண்றேன்னு பிடுங்கிக்கிட்டு வெறுங்காலோட ஓடினாங்க.

— அய்யோ அண்ணே.

— அவங்களைச் சொல்லக் கூடாது தங்கச்சி. நானா இருந்தாலும் அப்படித்தான் ஓடியிருப்பேன்.

— நீங்க பின்னாடி போகலையா ஐயா?

— முடியலை. எனக்கு அங்கேயே இருமல் பிடிச்சுக்கிச்சு. நிக்க முடியலை. தரையில உக்காந்துட்டேன், கண்ணு இருட்டிக்கிட்டு வருது. பயத்துல வந்த இருமல்னு நினைச்சேன். ஒரு வழியா எழுந்து வாசலுக்கு வந்தா தெருவுல அவங்களைக் காணோம்.

— ஓடும்போது குழந்தை அழுததா?

— தெரியாது. என் இருமல் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலை.

— அப்புறம் ஒருத்தரையும் விசாரிக்கலையா?

— பொம்மை கீழே கிடந்துச்சு. எடுத்துப் பார்த்தா ஒரு கால்ல நீலச் செருப்பு, இன்னொரு கால்ல இல்லை. கதவைச் சாத்திட்டு அதைத் தேடினேன் டாக்டரம்மா. அன்னிக்கு விழுந்த முடியையெல்லாம் கூட்டிக் குவிச்சு, கைப்பிடி கைப்பிடியா அலசினேன். நாற்காலியைப் புரட்டினேன். பெஞ்சுக்கு அடியில படுத்துத் தேடினேன். கிடைச்சிருந்தா வெளியே வந்துடுச்சுன்னு அர்த்தம். கிடைக்கலை. அப்போ உள்ளேயே இருக்கு. வேற என்ன அர்த்தம்?

— ஆஸ்பத்திரியில போய்க் கேட்டிருக்கலாமே அண்ணே.

— கேட் வரைக்கும் போனேன் தங்கச்சி. கேட்டா பதில் சொல்லிடுவாங்களேன்னு திரும்பி வந்துட்டேன். அடுத்த நாள் ஷேவிங்குக்கு வந்தவர், அந்தக் குழந்தை போயிடுச்சாமேன்னார். ஊருக்குப் போயிடுச்சுன்னு சொன்னாரா, இல்லை, அந்தப் போயிடுச்சா. ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்கலை. பாதி ஷேவிங்கோட அவர் முகத்தைத் துடைச்சு அனுப்பிட்டு ஷட்டரை இழுத்தேன். அதோட சரி. உசிரோட இருக்கற தலையை அப்புறம் நான் தொடலை.

— தம்பிகிட்டயாவது சொல்லியிருக்கலாம்.

— அவனுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க. எந்த முகத்தோட போய் நிக்கறது.

— ஐயா, முதல் நாள் நான் கேட்டேனே, புரையேறியிருக்கான்னு. இல்லவே இல்லைன்னீங்க.

— எனக்கு ஏறலையே டாக்டரம்மா. குழந்தைக்குத்தானே ஏறிச்சு. அது மூச்சுக்குத் தவிச்சுது, நான் தரையில உக்காந்து இருமிக்கிட்டிருந்தேன். கத்தி பிடிக்கற கை, அன்னிக்கு ஒண்ணுத்துக்கும் உதவலை. அந்தச் செருப்பை உள்ளே வெச்சுக்கிட்டுத்தான் குழந்தை அம்மா தோள்ல போச்சு. ராத்திரி படுத்தா அதே நினைப்புதான், தொண்டைக்குள்ள எப்படி உறுத்தியிருக்கும்னு.

— ஐயா, என்னைப் பாருங்க. அந்தக் குழந்தை இப்போ எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை ஆறுதலுக்காகச் சொல்ல மாட்டேன். என் கண்ணால பார்த்ததை மட்டும் சொல்றேன்.

— சொல்லுங்க டாக்டரம்மா.

— அம்மா தூக்கிக்கிட்டு ஓடினப்போ குழந்தை தொண்டையில ஒண்ணும் இல்லை ஐயா. அதை நீங்க முன்னாடியே உறிஞ்சி எடுத்துட்டீங்க, நேத்து வரைக்கும் அது உங்க நெஞ்சுலதான் இருந்துச்சு.